வரியை அழித்தால் போதாது, கீயை மாற்றுங்கள்

போன ஞாயிறு இரவு 11 மணிக்கு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி போன் செய்தார். ஒரு கிளையண்டின் மின்னஞ்சல் சேவைக்கான ஏபிஐ கீயை (அந்தச் சேவையை நிரல் வழியாகப் பயன்படுத்தத் தேவையான ரகசியச் சாவி), நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்திருக்கும் ரெப்போவில் (புராஜெக்ட் சேமிப்பிடம்) புஷ் செய்திருக்கிறார், அதாவது ஏற்றியிருக்கிறார். யாரோ அதை எடுத்து அந்த கிளையண்டின் பெயரில் ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் அனுப்பிவிட்டார்கள். "ஆனா அண்ணா, பார்த்த உடனே அந்த வரியை அழிச்சு மறுபடி புஷ் பண்ணிட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த ஆண்டில் இதே பேச்சை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருளான கிட் எதற்காக இருக்கிறது? எந்தப் பழைய நிலைக்கும் திரும்பிப் போக முடிய வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு கமிட்டும், அதாவது நாம் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும், அந்த நேரத்தில் புராஜெக்ட் முழுவதும் எப்படி இருந்தது என்பதற்கு எடுத்து வைத்த படம். அடுத்த கமிட் இன்னொரு படம். இரண்டாவது படத்தில் ஆள் இல்லை என்பதற்காக முதல் படத்தில் இருந்தவர் மறைந்துவிட மாட்டார். பழைய மாற்றங்களைக் காட்டும் 'கிட் லாக் -பி' (git log -p) கட்டளையை அடித்துப் பாருங்கள். நீங்கள் அழித்த வரி, முன்னால் ஒரு கழித்தல் குறியோடு, கீயின் ஒரு எழுத்துகூடக் குறையாமல் அப்படியே நிற்கும். அந்த கமிட்டுக்கு 'ஏபிஐ கீ நீக்கம்' என்று தலைப்பும் வைத்திருப்பீர்கள். தேடுகிறவருக்கு வழிகாட்டிப் பலகையே அதுதான்.

சரி, கமிட் வரலாற்றையே திருத்தி எழுதினால்? அதற்கு 'கிட் ஃபில்டர்-ரெப்போ' (git filter-repo) என்ற கருவி இருக்கிறது, செய்யலாம். ஆனால் அதற்குள் யாராவது குளோன் (முழு நகல்) எடுத்திருந்தால் அது அவர்கள் கணினியில் இருக்கும். கிட்ஹப்பிலேயே தங்கள் கணக்கில் நகல் எடுத்து ஃபோர்க் செய்திருந்தால் அதிலும் இருக்கும். திருத்திய பிறகும், பழைய கமிட்டின் ஹாஷ் (அதன் அடையாளக் குறியீடு) தெரிந்தவர் கிட்ஹப்பில் அதைத் திறந்து பார்க்க வாய்ப்பு உண்டு. பொது ரெப்போக்களில் விழும் கமிட்டுகளை இரவு பகலாகத் துழாவும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) இருக்கின்றன. ஐந்தே நிமிடத்தில் நீங்கள் அழித்தாலும், அவற்றுக்கு அந்த ஐந்து நிமிடம் தாராளம். வெளியே போன கீ போனதுதான். சேவையின் தளத்துக்குப் போய் அதை ரத்து செய்து புதியது எடுங்கள். பிறகு அந்த கீயை யார் எங்கே பயன்படுத்தினார்கள் என்று சேவையின் பயன்பாட்டுப் பதிவில் (லாக்) பாருங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

"கிட்இக்னோரில் போட்டுவிட்டேன்" என்பது அடுத்த சமாதானம். கிட் சேர்க்கக் கூடாத கோப்புகளின் பட்டியல்தான் கிட்இக்னோர் (.gitignore). கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்பை கிட்இக்னோர் கண்டுகொள்ளாது. 'கிட் ஆர்எம் --கேஷ்டு' (git rm --cached) கொடுத்துக் கண்காணிப்பிலிருந்து எடுத்தால்தான் அது வேலை செய்யும். அப்போதும் பழைய கமிட்டுகளில் கோப்பு இருக்கும்.

"எங்கள் ரெப்போ பிரைவேட்தான்" என்பவர்களுக்கும் சொல்கிறேன். வேலையை விட்டுப் போனவர்களின் லேப்டாப்களிலும் அதன் நகல் இருக்கலாம். என்றைக்காவது ரெப்போவைப் பொதுவாக்கினால் முழு வரலாறும் சேர்ந்தே வெளியே வரும்.

பிரௌசரில் ஓடும் முன்பக்க நிரல் எழுதுபவர்கள் இதையும் கவனியுங்கள். வீட் (Vite) என்ற பில்ட் கருவியில், 'வீட்_' (VITE_) என்று தொடங்கும் மாறிகளை என்வி கோப்பில் (.env, அமைப்பு மதிப்புகளை வைக்கும் கோப்பு) வைத்துவிட்டால் அவை ரகசியம் என்று நினைக்காதீர்கள். நிரலில் பயன்படுத்தினால், அது வெளியிடத் தயாராகும் பில்ட்டின்போது அவை ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும், பிரௌசரில் யாரும் படிக்கலாம். ரகசிய கீ தேவைப்படும் அழைப்பு சர்வரிலிருந்துதான் போக வேண்டும்.

எல்லாக் கோப்புகளையும் சேர்க்கும் 'கிட் ஆட் .' (git add .) கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். கமிட்டுக்கு முன், என்ன சேரப்போகிறது என்று காட்டும் 'கிட் டிஃப் --ஸ்டேஜ்டு' (git diff --staged) பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. முதல் கமிட்டுக்கு முன்பே என்வி கோப்பை கிட்இக்னோரில் சேருங்கள். குழுவுக்கு மதிப்புகள் இல்லாத மாதிரி என்வி கோப்பு ஒன்று போதும். கீக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுங்கள், டெவலப்மென்ட்டுக்கும் (உருவாக்கும்போது) புரொடக்‌ஷனுக்கும் (பயனர்கள் பயன்படுத்தும்போது) தனித்தனி கீ வையுங்கள். பொது ரெப்போக்களில் 2024 முதல், தெரிந்த வடிவிலுள்ள கீகளை கிட்ஹப்பே புஷ்ஷின்போது தடுக்கிறது. அந்த எச்சரிக்கை வந்தால் 'பிறகு சரிசெய்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தாண்டிப் போகாதீர்கள். நீங்களே வைத்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அது கண்டுபிடிக்கும் என்றும் நம்பாதீர்கள்.

அந்தத் தம்பி தவறைக் கவனித்தது வெள்ளிக்கிழமை மாலை. அழித்துவிட்டோமே, இனி எதற்குச் சொல்லித் திட்டு வாங்க வேண்டும் என்று இரண்டு நாள் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். போனில் பேசிக்கொண்டே கீயை மாற்றினோம், மூன்று நிமிடம் ஆனது. தயவுசெய்து உடனே சொல்லுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை. குழுவை நடத்துபவர்களே, அப்படிச் சொல்ல வருபவரிடம் குரலை உயர்த்தாதீர்கள். அடுத்த முறை அவர் சொல்லாமல் இருந்துவிடுவார்.