‘இன்க்ளூசிவ்’ முகாம்: யாருக்கு இடம்?

‘இன்க்ளூசிவ் கிறிஸ்டியன் சம்மர் கேம்ப்’ என்று ஓர் அறிவிப்பு. அதைத் தமிழில் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வந்தது. நான்கே சொற்கள், அரை நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பின் மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்தன. யாரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வது என்ற பொருளில் வழங்கும் முதல் சொல், இன்க்ளூசிவ், ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. பிள்ளையை அங்கே அனுப்பலாமா என்று பெற்றோர் முடிவு செய்வதும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

எளிதானதிலிருந்து வருவோம். கேம்ப் என்பதன் வேர் லத்தீனின் ‘காம்புஸ்’. பொருள் திறந்த சமவெளி. பழைய ரோமில் போர்ப் பயிற்சி நடந்த திடலுக்கு ‘காம்புஸ் மார்டியுஸ்’, அதாவது போர்த்தெய்வம் மார்ஸின் திடல் என்று பெயர். கல்லூரி வளாகத்தைக் குறிக்கும் கேம்பஸ், தேர்தல் கேம்பெய்ன், களத்தில் இறங்கிப் பொருதும் சாம்பியன் எல்லாம் இந்த ஒரே திடலில் முளைத்தவை. படை தங்கிய இடம் என்ற பொருளில்தான் கேம்ப் ஆங்கிலத்துக்குள் வந்தது. பிள்ளைகள் அங்கே குடியேறியது வெகு பின்னால்: அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஒரு பள்ளியாசிரியர் 1861இல் தம் மாணவர்களை நடத்திக் கூட்டிப்போய் வெளியில் தங்கவைத்ததை முதல் கோடை முகாம் என்பார்கள். கிறிஸ்தவ முகாமுக்கு அதைவிட மூத்த பாட்டி உண்டு. 1801இல் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டி வந்து, நாள்கணக்கில் தங்கிப் பிரசங்கம் கேட்ட பெருங்கூட்டம் அது. ‘கேம்ப் மீட்டிங்’ என்ற வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான். இன்றும் இந்த முகாம்களின் கடைசி இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து சாட்சி, அதாவது தம் விசுவாச அனுபவம், சொல்லும் நேரம் ஒன்று வருமே, அதில் அந்தப் பாட்டியின் சாயல் நன்றாகவே தெரியும்.

நாம் சொல்லும் முகாம் தமிழ் அல்ல. அரபியில் ‘மகாம்’ என்றால் நிற்கும் இடம். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து, அதிகாரி ஊர் ஊராகப் போய்த் தங்குவதற்குப் பெயராகி, இப்போது கண் மருத்துவ முகாம்வரை நீண்டிருக்கிறது. தனித்தமிழ் வேண்டுவோர் பாசறை என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் போர் வாடையோடு இப்போது கட்சி வாடையும் சேர்ந்துவிட்டது. முல்லைப்பாட்டில் படை தங்கிய இடத்துக்குப் ‘பாடி’ என்று பெயர். இலைதழை வேய்ந்த கூரைகள் வரிசையாக ஓடும் அதன் தெருவை ‘உவலைக் கூரை ஒழுகிய தெரு’ என்கிறார் நப்பூதனார். தமிழ் வேதாகமம் எடுத்துக்கொண்டது இன்னொரு சொல்லை: பாளயம். ‘சூழப் பாளயமிறங்கி’ என்று வேதாகமப் பாடல் தொகுப்பான சங்கீதத்தின் 34ஆம் அதிகாரத்தில் வருவதைத் திருச்சபையில் வளர்ந்தவர்கள் மனப்பாடமாகவே சொல்வார்கள். அதற்காகப் பிள்ளைகளைப் ‘பாளயத்துக்கு’ அனுப்புகிறோம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. முகாம் நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

கோடையும் கிறிஸ்தவமும் தொல்லை தராதவை. ஒரு சின்ன வியப்பு மட்டும்: பழந்தமிழில் கோடை என்பது மேற்கிலிருந்து வீசும் வெங்காற்றுக்கும் பெயர். அப்புறம், விடுமுறை வேதாகமப் பள்ளியையும், அதாவது வி.பி.எஸ்.ஸையும், இதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். அதில் பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்துவிடும். தங்கும் முகாமில் இரவும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் அந்த இரவைப் பற்றியவை.

இனி இன்க்ளூசிவ். லத்தீனில் ‘கிளாடெரே’ என்றால் மூடு, அடை. முன்னால் ‘இன்’ சேர்ந்தால் உள்ளே வைத்து மூடு. ஆங்கிலத்தின் க்ளோஸ், எக்ஸ்க்ளூசிவ் எல்லாம் இதன் உடன்பிறப்புகள். இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயச் சுவரை ஒட்டிய சிற்றறையில் ஆயுள் முழுக்க அடைபட்டுத் தவமிருந்தவர்களுக்கு ‘இன்க்ளூசுஸ்’ என்று பெயர். எல்லோருக்கும் கதவைத் திற என்று இன்று நாம் பயன்படுத்தும் சொல், கதவைச் சாத்துவதிலிருந்து பிறந்திருக்கிறது!

தமிழில் வழங்கும் ‘உள்ளடக்கிய’ என்பதும் தெரிந்தோ தெரியாமலோ இதே கதையைத்தான் சொல்கிறது. அடக்கு என்ற வினையைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். கோபத்தை அடக்குகிறோம், குரலை அடக்குகிறோம். இறந்தவரை அடக்கம் செய்கிறோம். சபை மொழியில் அதற்கு அடக்க ஆராதனை என்றே பெயர். ‘உள்ளடக்கிய கல்வி’ என்பது கல்வித் துறையில் ஊன்றிவிட்ட தொடர், அதை இனிப் பிடுங்க முடியாது. சிலர் ‘உள்ளடங்கிய’ என்று எழுதுகிறார்கள். அது இன்னும் சிக்கல்: அடக்குவது முகாமின் வேலை, அடங்குவது பிள்ளையின் வேலை. பிள்ளை அடங்கினால்தான் இடம் என்றால் அந்த முகாமுக்கு இன்க்ளூசிவ் என்ற பேரே எதற்கு?

ஒருங்கிணைப்பு என்ற சொல்லோடும் இது குழம்புகிறது. ஏற்கெனவே உள்ள ஏற்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமல், அதற்குள் வரக்கூடிய பிள்ளையைச் சேர்ப்பது ஒருங்கிணைப்பு. பிள்ளைக்காக ஏற்பாட்டையே மாற்றுவதுதான் நாம் பேசுவது. 1994 ஜூனில் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளும் 25 சர்வதேச அமைப்புகளும் கூடி வெளியிட்ட அறிக்கை இந்தப் பொருளைக் கல்வி உலகில் ஊன்றியது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை ஒரு படி மேலே போய், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும்கூட மற்றப் பிள்ளைகளுக்குச் சமமான இடம் வேண்டும் என்று தன் 30ஆம் பிரிவில் சொல்கிறது. முகாம் அந்தப் பிரிவுக்குள் வரும் விஷயம்தான்.

வேதாகமத்தில் இதற்கு நல்ல காட்சி ஒன்று இருக்கிறது. மாற்கு இரண்டாம் அதிகாரம், கப்பர்நகூமில் இயேசு இருந்த ஒரு வீடு. வாசலில்கூட இடமில்லாத கூட்டம். திமிர்வாதக்காரன், அதாவது உடல் செயலிழந்தவன், ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. மேற்கூரையைப் பிரித்துப் படுக்கையோடு அவனை இறக்குகிறார்கள். அங்கே மாறியது வீட்டின் கூரை.

குழப்பம் இத்தோடு தீரவில்லை. சபை வட்டாரத்தில் இதே சொல் வேறு வேறு ஆட்களின் வாயில் வேறு வேறு பொருள் தருகிறது. ஒரு முகாம் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே அறையில் தங்கி ஒரே நிகழ்ச்சியில் கலந்துகொள்வதை இப்படிச் சொல்லும். இன்னொன்று எந்தச் சபைப் பிரிவானாலும், எந்த மதமானாலும் வரலாம் என்பதை. வேறொன்று தன்பால் ஈர்ப்புள்ள, திருநர் பிள்ளைகளையும் அப்படிப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளையும் உள்ளபடியே ஏற்பதை. இந்த மூன்றாம் பொருளுக்கு அமெரிக்கச் சபைகளில் தனிப் பெயர்களும் உண்டு. யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் 1985இலேயே ‘ஓப்பன் அண்ட் அஃபர்மிங்’, அதாவது கதவைத் திறந்து உள்ளபடியே ஏற்பது, என்று தீர்மானம் போட்டது. சில அறிவிப்புகளிலோ சாப்பாடும் தங்கலும் கட்டணத்துக்குள் அடக்கம் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமே இருக்காது! சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்ட முகாம், மற்ற விஷயங்களில் மிகக் கறாராக இருக்கலாம். மற்ற எல்லாவற்றிலும் தாராளமான முகாமில் படிக்கட்டைத் தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம். ஆகவே முதல் கேள்வி சாதாரணமானது: யாரை மனதில் வைத்து இந்தச் சொல்லைப் போட்டீர்கள்?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஒரு பகுதி பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியார் இடங்களைக் கட்டுப்படுத்துகிறது, ஆனால் மத அமைப்புகளுக்கும் அவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கும் அந்தப் பகுதியிலிருந்து விலக்கு உண்டு. அங்கே சபை நடத்தும் முகாம் ஒன்று தன்னை இன்க்ளூசிவ் என்று சொல்லிக்கொண்டால், பெரும்பாலும் அது தானாக முன்வந்து தரும் வாக்கு. வாக்கு என்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி.

என் மேசைக்கு வந்த இரண்டு விண்ணப்பப் படிவங்களைச் சொன்னால் விளங்கும். ஒன்றில் ‘சிறப்புத் தேவை உண்டா? ஆம் / இல்லை’ என்று ஒரு வரி, பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். மற்றதில் அதே இடத்தில் முக்கால் பக்கம். சத்தம் கூடினால் பிள்ளை என்ன செய்யும், எதைக் கொடுத்தால் அமைதியாகும், கழிப்பறைக்கு யார் உதவுவது அதற்குப் பழக்கம், தூங்கும்போது விளக்கு வேண்டுமா, ‘வேண்டாம்’ என்பதை அது எப்படித் தெரிவிக்கும் என்றெல்லாம். இரண்டு முகாம்களும் முகப்பில் போட்டிருந்தது அதே சொல்தான். நானாக இருந்தால் அறிவிப்பை விட்டுவிட்டுப் படிவத்தைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன்.

ஆள் எண்ணிக்கையைக் கேட்கத் தயங்க வேண்டாம். இரவு தங்கும் முகாமில் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் 6 பேருக்கு ஒரு பொறுப்பாளர், ஒன்பது முதல் பதினான்கு வயதில் 8 பேருக்கு ஒருவர் என்பது அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோல். பொதுவான பிள்ளைகளுக்கே இந்தக் கணக்கு. கூடவே ஓர் ஆள் தேவைப்படும் பிள்ளைக்கு அந்த ஆள் யார், அவருக்கு என்ன பயிற்சி, அவர் தூங்கப் போனால் மாற்று யார் என்பதெல்லாம் தனிக் கணக்கு. மருந்து யார் கையில் இருக்கும், வலிப்பு வந்தால் யார் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியே விடப்படாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா என்பதை அவசியம் கேளுங்கள். ஜெபக் கூட்டம் என்பதால் இதற்கு விலக்குக் கிடையாது.

விசுவாசத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் கேட்கலாம். வேறு மதப் பிள்ளை ஜெப நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாமா? இயேசுவை ஏற்க முன்வரச் சொல்லும் கடைசி இரவின் அழைப்புக்கு எழுந்து போகாத பிள்ளையை யாராவது தனியே கூப்பிட்டுப் பேசுவார்களா? பேச்சு வராத பிள்ளைக்கு வேதபாடம் எப்படி நடக்கும், படம் உண்டா, சைகை உண்டா, அல்லது ஓரத்தில் வண்ணப் பென்சில் கொடுத்து உட்காரவைப்பார்களா? ஓரத்துப் பென்சிலைப் பற்றி நான் கேட்டபோது ஒரு பொறுப்பாளர் சிரித்துவிட்டார், “அது முன்னாடி இருந்தது” என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

சரி, தமிழில் என்னதான் போட்டேன்? ‘உள்வாங்கும்’ என்று யோசித்தேன், கடல் உள்வாங்கும் நினைவு வந்தது. ‘அனைவருக்குமான’ என்பது மோசமில்லை, ஆனால் எதையும் உறுதி சொல்லாத சொல். கடைசியில் மாற்கு பத்தாம் அதிகாரம் கைகொடுத்தது. பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை இயேசுவின் சீஷர்கள் அதட்டுகிறார்கள். அதற்கு இயேசுவின் பதில்: “சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்.” இடங்கொடு! மகாம் என்பதே நிற்கும் இடம்தானே. அதனால் ‘எல்லாப் பிள்ளைகளுக்கும் இடங்கொடுக்கும் கிறிஸ்தவக் கோடை முகாம்’ என்று எழுதினேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்று ஒரு பழமொழி இருப்பது தெரியும். அறிவிப்பைப் பார்த்த ஒருவர் அதைச் சொல்லியும் காட்டினார். பரவாயில்லை.

துறைசார்ந்து எழுதும்போது ‘உள்ளடக்கிய’ என்றே வையுங்கள், தேடுபவருக்கு அதுதான் அகப்படும். பெற்றோர் கையில் கொடுக்கும் தாளில் மட்டும் ‘இடங்கொடுக்கும்’ என்று போட்டு, அதற்குக் கீழேயே யாருக்கு, எப்படி என்று இரண்டு வரி சேருங்கள். அந்த இரண்டு வரியை முகாம் நடத்துபவர்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. எழுதித் தர அவர்களுக்கு நான்கு நாள் பிடித்தது.