பீடிங்: செபமணியிலிருந்து விமானச் சன்னல் வரை

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நெல்லித்தோப்பிலோ ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் நின்று, "அண்ணே, பீடிங் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த பீடிங் தம்பி? டோருக்கா, கண்ணாடிக்கா?" என்று மறுகேள்வி வரும். மரக்கடையில் அதே சொல்லைச் சொன்னால் மெல்லிய மரச்சட்டம் எடுத்துத் தருவார்கள். சீட்டு கவர் தைப்பவருக்கோ அது தையலோரத்தில் உருட்டி வைக்கும் ரெக்சின் வார். கண்ணாடி பதிக்கிறவர் துப்பாக்கியிலிருந்து பிதுக்கும் சிலிகான் கோட்டுக்கும் அந்தக் குடும்பத்துப் பெயர்தான், பீடு. 'பீடு நடை'யில் வரும் பெருமைக்கும் இந்தப் பீட்டுக்கும் உறவு கிடையாது.

ஒரே சொல் இத்தனை பொருளைச் சுமப்பது கடையில் பெரிய தொல்லை இல்லை, கையால் காட்டிவிடலாம். சொந்தக் கையால் சிறு விமானம் கட்டுவோரின் வேலைமுறையைத் தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். 'சன்னலின் உள்விளிம்புக்கு பீடிங் போடவும்' என்று எழுதினால் படிப்பவர் எதைப் போடுவார்?

சொல்லின் வேர் வியப்பானது. பழைய ஆங்கிலத்தில் 'கெபெட்' என்றால் செபம். ஜெர்மன் மொழியில் இன்றும் 'கெபேட்' செபத்தைத்தான் குறிக்கிறது. செபத்தின் எண்ணிக்கை தவறாதிருக்க உருண்டைகளைக் கோத்து உருட்டினார்கள். காலப்போக்கில் செபத்தின் பெயர் உருண்டைக்கு ஒட்டிக்கொண்டது, அதுதான் 'பீடு'. புதுச்சேரி மாதா கோயில்களில் பாட்டிமார் கையில் இருப்பது செபமாலை. தமிழ் செபத்தையும் மாலையையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் கோடு அழிந்துபோனது. பிறகு மணிவரிசைபோல உருண்டோடும் மர வேலைப்பாட்டுக்கு அந்தப் பெயர் போய், கடைசியில் விளிம்பில் வைக்கும் எந்தப் பட்டைக்கும் பொதுப்பெயராயிற்று. பிரெஞ்சுக்காரர் இதே உருளை வேலைப்பாட்டைக் குச்சி என்ற பொருளில் 'பகெத்' என்றார்கள். புதுச்சேரி பேக்கரிகளில் கிடைக்கும் நீள ரொட்டிக்கும் அதே பெயர்தான்.

அப்படியானால் தமிழில் 'மணி' என்றே வைத்துவிடலாமா? மணி இந்தக் கரையின் சொந்தச் சரக்கு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டில், 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த இடம் கண்ணாடி மணிகளுக்குப் பேர்போனது. கண்ணாடிக் குழம்பை மெல்லிய குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்குவது அந்த வகை மணிகளின் செய்முறை. நறுக்கிய முனையின் கூர் மழுங்கி வழவழப்பாவதற்கே அந்த இரண்டாம் சூடு. ஆனாலும் சன்னலோரப் பட்டைக்கு 'மணி' பொருந்தாது. வேறொரு மொழியில் நடந்த பொருள்மாற்றத்தின் கடைசிப் படியை மட்டும் எடுத்துத் தமிழில் நட்டால் அது வேர்பிடிக்காது. 'சன்னல் மணி' என்றால் யாருக்கும் ஒலிக்கும் மணிதான் நினைவுக்கு வரும்.

நம் சிற்பிகள் உருண்டையையும் தட்டையையும் ஒரே பெயரால் அழைக்கவில்லை. கருவறைச் சுவரைத் தாங்கும் அதிட்டானத்தில் உருண்டு புடைத்து ஓடுவது குமுதம். முழு உருளையாக இருந்தால் விருத்த குமுதம், பட்டை தீட்டியிருந்தால் முப்பட்டைக் குமுதம். அதற்கு மேலே தட்டையாக ஓடுவது பட்டிகை. வடிவத்துக்கு இத்தனை நுட்பமாகப் பெயர் வைத்த வழக்கு நம்மிடம் இருக்கிறது. விமானச் சன்னலுக்கு அது மட்டும் போதாது. அங்கே வடிவத்தைவிட வேலை முக்கியம்.

இழைக்கண்ணாடித் துணியும் எப்பாக்ஸி என்னும் இறுகும் பசையும் நுரையும் சேர்த்துக் கட்டும் சிறு விமானத்தில் சன்னல் பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் தகடு. கடலூர்த் துறைமுகத்தில் பைபர் படகு பழுதுபார்ப்பவர்களுக்கு 'மேட்' எனும் இழைப்பாயும் ரெசின் பசையும் பழகிய பொருள்கள், அவர்களுக்கு இந்த உடற்கூடு எளிதில் விளங்கும். உடலில் சன்னலுக்குத் திறப்பு வெட்டியதும் உள்ளே தெரிவது அழகான காட்சியல்ல. வெட்டுப்பட்ட நுரை, கையைக் கீறும் இழைமுனைகள், தகட்டுக்கு அடியில் பிதுங்கிய பசை எல்லாம் வெளியே தெரியும். அக்ரிலிக் ஒளிபுகும் தகடு என்பதால் ஒட்டிய இடம் முழுவதும் வெளியிலிருந்தும் தெரியும். எப்பாக்ஸிக்கு வெயிலின் புற ஊதாக் கதிரும் ஆகாது. அதனால் முதலில் ஓரத்து நுரையைச் சற்றுத் தோண்டி எடுத்து, நுரைக்கு இருபுறமும் உள்ள உள்தோலும் வெளித்தோலும் சேருமாறு இழைத்துணி வைத்து மூடுகிறார்கள். பிறகு எப்பாக்ஸியில் உள்ளீடற்ற நுண் கண்ணாடிக் குமிழ்களைக் கலந்து, மூலையில் வளைவாக இழைத்து, காய்ந்தபின் தேய்த்து வண்ணம் பூசுகிறார்கள். எடை கூடாமல் இடம் நிரப்ப அந்தக் கலவை உதவுகிறது. இதோடு நிறுத்துபவர்களும் உண்டு. சிலர் இதன்மேல் தனியாக வார்த்த வளையம் ஒன்றைப் பொருத்துகிறார்கள், சிலர் ரப்பர் வாரைச் செருகுகிறார்கள்.

இங்கேதான் தச்சரின் பீடிங்கும் விமானத்தின் பீடிங்கும் பிரிகின்றன. தச்சர் கண்ணாடியை அசையவிடாமல் இறுக்கவே சட்டம் அடிக்கிறார். அக்ரிலிக்கை அப்படி இறுக்கக் கூடாது. வெப்பத்தில் அது அலுமினியத்தைப் போல ஏறக்குறைய 3 மடங்கு விரியும். 500 மில்லிமீட்டர் நீளத் தகடு 30 பாகை சூடேறினால் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும், அதே நீள அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். நம் கடற்கரை வெயிலில் மூடிக்கிடக்கும் கூண்டுக்கு 30 பாகை ஏற்றம் பெரிதல்ல. விரிய இடமில்லாத தகட்டில், திருகுத் துளையிலோ சரியாகத் தேய்க்காத விளிம்பிலோ விரிசல் தொடங்கும். அதனால்தான் திருகு போடும் இடத்தில் துளையைத் திருகைவிடப் பெரிதாக இடுகிறார்கள். தகட்டின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து, கீறல் இல்லாமல் மழுக்குகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் டோர் பீடிங்கில் மென்மையான பிவிசியால் ஆனதும் உண்டு. அதை வளையவைக்கச் சேர்த்த மென்மையாக்கி மெல்லக் கசிந்து அக்ரிலிக்கில் ஊறினால் தகட்டில் மயிரிழை விரிசல்கள் படரக்கூடும். பெட்ரோல், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் அக்ரிலிக்கிடம் போகக் கூடாது. தகட்டைத் தொடும் இடத்தில் சிலிகான் ரப்பர் போன்றவை நல்லவை. 'பீடிங்' என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதே என் கவலை.

ஆகவே தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவதைவிட, செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிடுவது நல்லது. அழுத்திப் பிடிக்கும் சட்டத்துக்கு 'ஓரப்பட்டை'. பட்டிகைக்கு உறவான சொல், எந்தத் தச்சருக்கும் புரியும். விளிம்பைக் கவ்வி மூடும் ரப்பர் வாருக்கு 'விளிம்புறை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். விளிம்பும் உறையும் சேர்ந்தது. வாளுறை, தலையணை உறை போல மூடுவது அதன் வேலை, இறுக்குவதல்ல என்று சொல்லே சொல்லிவிடும். துப்பாக்கியால் இடும் பசைக்கோட்டுக்குப் 'பசைவரி'. மூலையில் எப்பாக்ஸிக் கலவையால் செய்யும் குழிந்த வளைவைக் குமுதம் என்று அழைக்கத் தோன்றும், ஆனால் குமுதம் புறம் புடைத்தது, இது உள்வாங்கியது. இதற்கு 'மூலைவளைவு' போதும்.

கடையில் வாங்கும்போது பீடிங் என்றே கேளுங்கள், அதில் குறையில்லை. வேலைக் குறிப்பில் எழுதும்போது வினையும் மாறட்டும்: பசைவரியை இடுவது, மூலைவளைவை இழைப்பது, ஓரப்பட்டையை அடிப்பது, விளிம்புறையைச் செருகுவது.