எல்லையோரம் வர்ற பெரிய திட்டத்துக்கு யாரு பர்மிஷன் குடுக்குறது?

நீலகிரில பந்தலூர், சேரம்பாடி, எருமாடு, தாளூர் பக்கம் இருக்குறவங்க இத கண்டிப்பா தெரிஞ்சு வெச்சுக்கணும். நீர்மின் திட்டம், அணைன்னு ஏதாச்சும் பேச்சு கிளம்பினா நாம கலெக்டர் ஆபீஸ், அத விட்டா சென்னைன்னு தான் யோசிக்கிறோம், ஆனா கேரளா எல்லைல இருக்குற நமக்கு கணக்கு வேற.

பெரிய திட்டங்களுக்கு சுற்றுச்சூழல் அனுமதி எப்படி குடுக்கணும்னு சொல்ற மத்திய அரசு விதி தான் 2006ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அதுல திட்டங்கள ஏ, பி-ன்னு பிரிச்சிருக்காங்க. ஏ-ன்னா டெல்லில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், பி-ன்னா மாநில சுற்றுச்சூழல் ஆணையம் அனுமதி குடுக்கும். ஆனா பி திட்டமா இருந்தாலும் மாநில எல்லைல இருந்தோ சரணாலயம், தேசியப் பூங்கால இருந்தோ 5 கிலோமீட்டருக்குள்ள வந்தா பெரும்பாலும் டெல்லி தான் பரிசீலிக்கணும். முன்னாடி 10 கிலோமீட்டரா இருந்துச்சு, 2014ல பாதியாக்கிட்டாங்க, யானைங்க மூணு மாநிலத்துக்கும் நடந்து போற இந்த மலைக்கு அது ரொம்ப கம்மின்னு தான் நான் சொல்வேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்குற காடும் கணக்குல வரும். நியூட்ரினோங்கற நுண்துகள ஆராயுற ஆய்வகம் முதல்ல நம்ம சிங்காராவுல தான் வர்றதா இருந்துச்சு, முதுமலை பக்கத்துல வேணாம்னு 2009ல மத்திய அமைச்சகம் மறுத்துடுச்சு. அப்புறம் தேனி பொட்டிபுரத்துக்கு போய் அனுமதியும் வாங்கினாங்க, ஆனா கேரளாவுல இருக்குற மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்கு கொஞ்சம் உள்ள வருதுன்னு 2017ல சுற்றுச்சூழல் வழக்குகள விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதிய நிறுத்தி வெச்சுது. 2018ல திரும்ப அனுமதி கிடைச்சும், காட்டுயிர் வாரியத்தோட ஒப்புதல் இல்லாம வேலை ஆரம்பிக்க முடியல, 2022ல தமிழ்நாடு அரசே வேணாம்னு சுப்ரீம் கோர்ட்ல சொல்லிடுச்சு. ஒரு அனுமதி வாங்கினா எல்லாம் முடிஞ்சுதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வன நிலம்னா அதுக்கு தனி ஒப்புதல், புலிகள் காப்பகம்னா அதுக்கு வேற. ரயில் பாதை 2006 அறிவிக்கையோட பட்டியல்லயே கிடையாது, அதனால நஞ்சன்கூடு - நிலம்பூர் மாதிரி லைனுக்கு இந்த காட்டு ஒப்புதல்கள் தான் பெரிய தடுப்பு.

நம்ம கைல இருக்குறது கருத்துக்கேட்பு கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைஞ்சது 30 நாள் முன்னாடி தமிழ் பேப்பர்லயும் அறிவிப்பு குடுக்கணும், திட்டத்தோட சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைச் சுருக்கம் தமிழ்ல கலெக்டர் ஆபீஸ்ல பார்க்க கிடைக்கணும், போய் கேளுங்க. திட்ட இடம் ரெண்டு மாநிலத்துல விழுந்தா ரெண்டு பக்கமும் தனித்தனியா கூட்டம் போடணும், மலப்புரத்துல நடத்திட்டோம்னு நீலகிரிய விட முடியாது. கூட்டத்துல வாயால சொன்னதோட நிக்காம எழுதியும் குடுங்க. கடைசில நாம சொன்னத எல்லாம் நமக்கு புரியுற மொழில படிச்சுக் காட்டணும்னு விதி இருக்கு, விட்டுப்போனத அங்கயே சேர்க்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் எந்திரிச்சு வராதீங்க.

அனுமதி குடுத்துட்டாங்கன்னா 30 நாளுக்குள்ள சென்னைல இருக்குற பசுமைத் தீர்ப்பாயத்துல அப்பீல் போகலாம், தகுந்த காரணம் இருந்தா இன்னும் 60 நாள் வரைக்கும் தருவாங்க, அதுக்கு மேல கிடையாது.