நடுத்தர பிக்கப் டிரக்குக்கு எவ்வளவு பெரிய டிரெய்லர்?

அமெரிக்காவில் டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரோலே கொலராடோ போன்ற நடுத்தர பிக்கப் டிரக் வாங்கியவர்கள் பலருக்கு அடுத்த ஆசை ஒரு ட்ராவல் டிரெய்லர். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும்; டிரக்கின் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போகலாம். இந்த டிரக்குகளின் இழுவைத் திறன் 6,500 முதல் 7,700 பவுண்டு வரை என்று விளம்பரங்கள் சொல்கின்றன, அதாவது ஏறக்குறைய 3 முதல் 3.5 டன். டிரெய்லர் விற்பவர் 5,000 பவுண்டு மாடலைக் காட்டி, தாராளமாக இழுக்கும் என்பார். இழுக்கும்தான். ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. நடுத்தர டிரக்கில் முதலில் தீர்ந்துபோவது சுமக்கும் திறன்.

இழுவைத் திறன் ஒன்றும் கற்பனை எண் அல்ல. ஜே2807 என்ற பொதுத் தரநிலைப்படி அதை அளக்கிறார்கள். அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுவதும் ஓடவிட்டுக்கொண்டு டிரக் டிரெய்லரை இழுத்து ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் டிரக்குக்குள் இருப்பது தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர். பின்சீட்டில் குழந்தைகள், சரக்குத் தொட்டியில் சைக்கிள், ஐஸ் பெட்டி என்று குடும்பம் கிளம்பும்போது கணக்கே மாறிவிடுகிறது.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுபவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். அச்சுக்கு முன்னால் சுமை சற்றுக் கூடுதலாக இருந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அமர்ந்து நிற்கும். பின்னால் கூடினால் மேலே தூக்கிக்கொள்ளும். டிரெய்லரிலும் இதேதான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை டிரக்கின் ஹிட்ச் பந்தின் மேல், அதாவது டிரக்கின் பின்புறம் டிரெய்லரை மாட்டும் உலோக உருண்டையின் மேல், அழுத்த வேண்டும். இதை டங் வெயிட் என்கிறார்கள். நமக்கு முன்பாரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

முன்பாரத்தைக் குறைத்து ஏற்றினால் டிரக்குக்குச் சுமை குறையுமே என்று தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு காற்றடியோ, பெரிய லாரி கடந்துபோகும்போது வரும் தள்ளலோ டிரெய்லரைப் பக்கவாட்டில் அசைக்கும். அந்த அசைவை அடக்குவது டிரெய்லரின் டயர்கள். பக்கவாட்டில் நகரும்போது டயர், தான் உருளும் திசைக்குச் சற்றுக் கோணலாகப் போகிறது. அந்தக் கோணம்தான் எதிர்விசையை உண்டாக்குகிறது. வண்டி வேகமாக ஓட ஓட, அதே பக்கவாட்டு அசைவுக்கு இந்தக் கோணம் சிறிதாகிவிடும். ஆகவே வேகம் கூடும்போது அசைவை அடக்கும் திறன் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது பூஜ்யமாகிவிடும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும், கடைசியில் டிரக்கையும் சேர்த்துத் திருப்பிவிடும். எடை பின்னால் குவிந்தால் அந்த ஆபத்தான வேகம் கீழே இறங்கி, நெடுஞ்சாலையில் நாம் சாதாரணமாக ஓட்டும் வேகத்துக்கே வந்துவிடலாம்.

டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் வெட்டித் திருப்பக் கூடாது, டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, டிரெய்லர் பிரேக்கை மட்டும், ஓட்டுநர் பக்கத்தில் அதற்கென்று இருக்கும் கன்ட்ரோலரில் கையால் அழுத்த வேண்டும். அது டிரெய்லரைப் பின்னாலிருந்து இழுத்து நேராக்கும்.

சரி, முன்பாரம் வேண்டும். அதைச் சுமப்பது யார்? டிரக்தான். ஹிட்ச் பந்து பின்னச்சுக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 3.2 மீட்டர். பந்தின் மேல் 250 கிலோ வைத்தால் நெம்புகோல் விதிப்படி முன்னச்சில் 94 கிலோ குறையும், பின்னச்சில் 344 கிலோ கூடும். முன் டயர்கள் லேசானால் திருப்பும் பிடிமானமும் பிரேக் பிடிப்பும் குறைகின்றன. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்ற கருவி, ஸ்ப்ரிங் கம்பிகளின் இறுக்கத்தால் இந்தச் சுமையில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். நல்ல கருவிதான். ஆனால் அதை மாட்டிவிட்டதால் டிரக் சுமக்கும் வரம்பு கூடிவிடாது. சில டிரக்குகளுக்கு அது வேண்டாம் என்று கையேட்டிலேயே சொல்லியிருப்பார்கள்.

இப்போது கணக்கு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் மஞ்சள் நிறம் கலந்த ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் பேலோட். நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் உள்ள ஒரு டிரக்கில் அது 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட குடும்பம் 600, தொட்டியில் சாமான் 100, ஹிட்ச் கருவி 80. மீதி 420. முன்பாரம் 13 சதவீதம் என்றால், சாமான் ஏற்றிய டிரெய்லர் ஏறக்குறைய 3,230 பவுண்டுதான் இருக்கலாம். விற்பவர் காட்டிய 5,000 பவுண்டு டிரெய்லரின் முன்பாரம் மட்டுமே 650. அதே டிரக்கில் கணவனும் மனைவியும் மட்டும், 330 பவுண்டு, போனால் மீதி 690. டிரெய்லர் 5,300 பவுண்டு வரை போகலாம். ஒரே வண்டி, ஒரே எஞ்சின். ஹிட்ச் ரிசீவருக்கும் (டிரக்கின் பின்புறம் ஹிட்சைச் செருகும் சட்டம்) பின்னச்சுக்கும் தனித்தனி வரம்பு உண்டு, அவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

டிரெய்லர் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வெற்று எடை. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 30 கேலன் தண்ணீரே 250 பவுண்டு. கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், துணிமணி, மளிகை எல்லாம் அதற்கு மேல். ஆகவே டிரெய்லரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடை வரம்பை வைத்தே கணக்குப் போடுவது பத்திரம். ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பாம்பி 16 அடி மாடலுக்கு அது 3,500 பவுண்டு. மின்னசோட்டாவின் ஸ்கேம்ப் 13 அடி ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் இன்னும் நன்றாகவே லேசானது.

அப்புறம் காற்று. முழு உயர டிரெய்லரின் முகப்பு டிரக்கின் முகப்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெரிது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 65 மைலிலிருந்து 55-க்கு இறங்கினாலே அது 28 சதவீதம் குறைகிறது. 1934-இல் ரோட் சீஃப் என்ற உருண்டை முகப்பு அலுமினிய டிரெய்லரைக் கொண்டுவந்த ஹாலி பவ்லஸ், எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர் விமானங்களின் வடிவமைப்பாளர். அட்லாண்டிக்கைத் தனியாளாக விமானத்தில் நில்லாமல் கடந்த லிண்ட்பர்க்கின் ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் விமானம் கட்டப்பட்டபோது மேற்பார்வை பார்த்தவர். காற்றை அறிந்தவர் செய்த அந்த வடிவத்தை ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களில் இன்றும் பார்க்கலாம். கொலராடோ மாநிலத்தில் ஐசனோவர் சுரங்கச் சாலை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த அந்த உயரத்தில், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் தன் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கும். மேற்கு மாநில மலைகளுக்குப் போக நினைப்பவர்கள் அதற்கும் இடம் விட்டுத்தான் டிரெய்லரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிரெய்லருக்கென்று தனி பிரேக் இல்லாமல் இந்த எடைகளை இழுக்கவே கூடாது. கலிபோர்னியாவில் 1,500 பவுண்டிலிருந்தே அது சட்டப்படி கட்டாயம்.

ஒரு யோசனை. டிரெய்லர் வாங்கும் முன், டாங்கை நிரப்பி, குடும்பத்தை ஏற்றி, பயணத்துக்குப் போவது போலவே சாமான் வைத்து, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் (CAT) என்ற பெயர் கொண்ட எடைமேடையில் டிரக்கை நிறுத்துங்கள். கதவுச் சட்டத்தில் டிரக்கின் மொத்த எடை வரம்பும் எழுதியிருக்கும். அதிலிருந்து எடைமேடை காட்டும் எண்ணையும் ஹிட்ச் கருவியின் எடையையும் கழித்து, மீதியை 0.13-ஆல் வகுத்து வரும் எண்ணோடு டிரெய்லர் கடைக்குப் போங்கள்.