திறந்த இல்ல உபசரிப்பு: ஒரு மலேசியச் சொல் வந்த வழி

தீபாவளி சமயத்தில் மலேசியத் தமிழ் நாளிதழ் எதைப் புரட்டினாலும் இந்தத் தொடர் கண்ணில் படும்: 'தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு'. அமைச்சர் நடத்துவார், சட்டமன்ற உறுப்பினர் நடத்துவார், தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர் சங்கமும் நடத்தும். சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் மாமா இதைப் படித்துவிட்டு, "யாரு புது வீடு கட்டியிருக்காங்க? அமைச்சர் வந்து திறந்து வைக்கிறாரா?" என்று கேட்டார். அவர் மீது தப்பில்லை. தமிழ்நாட்டில் இல்லம் 'திறப்பது' என்றால் புதுமனை புகுவிழாதான்.

இங்கே அதன் பொருள் வேறு. பண்டிகை கொண்டாடும் வீட்டுக்காரர் அன்றோ, அடுத்து வரும் வாரக்கடைசிகளில் ஒரு நாளோ, வாசலைத் திறந்து வைத்துவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவது. முக்கியமாக, அந்தப் பண்டிகை யாருக்குச் சொந்தமில்லையோ அவர்களுக்கு. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீட்டிலும், சீனப் புத்தாண்டுக்குச் சீனர் வீட்டிலும், தீபாவளிக்கு நம் வீட்டிலும் இதே கதைதான். சரவாக்கில் ஈபான் மக்கள் ஜூன் தொடக்கத்தில் கவாய் என்ற அறுவடைத் திருநாளைக் கொண்டாடும்போது வீடு வீடாகப் போவதற்கு 'ஙாபாங்' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள்.

நம் தொடர் மலாயிலிருந்து வந்தது. 'ரூமா தெர்புகா'. ரூமா என்றால் வீடு. 'புகா' என்றால் திற. 'தெர்' என்ற முன்னொட்டு சேர்ந்தால், திறந்த நிலையில் இருப்பது. அதற்குப் பின்னால் 'ஓப்பன் ஹவுஸ்' என்ற ஆங்கிலத் தொடர் நிற்கிறது. வருவோர் போவோருக்கெல்லாம் உபசாரம் செய்கிற வீட்டை ஆங்கிலேயர் அப்படித்தான் சொன்னார்கள். இன்று அமெரிக்காவில் அதே தொடருக்கு, விற்பனைக்கு வந்த வீட்டை வாங்க நினைப்பவர்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிற நாள் என்றும் பொருள். அங்கே அந்தப் பலகையைப் பார்த்துப் பசியோடு போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். தமிழ் இந்தத் தொடரை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, மூலத்தில் இல்லாத 'உபசரிப்பு' என்ற வாலையும் சேர்த்துக்கொண்டது. காரணம் புரிகிறது. வெறும் 'திறந்த இல்லம்' என்று எழுதினால் திருடன் வந்துபோன வீடு மாதிரி இருக்கிறது.

'புகா' என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். மலாயில் நோன்பை முடிப்பது 'புகா புவாசா', அதாவது நோன்பைத் திறப்பது. தமிழ் முஸ்லிம்களும் 'நோன்பு திறப்பு' என்றே சொல்கிறார்கள். இதற்கான அரபுச் சொல் இஃப்தார். அதன் வேரில் உடைத்தல், பிளத்தல் என்ற பொருள் இருக்கிறது. அரபு உடைக்கிறது, மலாயும் தமிழும் திறக்கின்றன. அப்புறம் இன்னொன்று: பெருநாளின் மலாய்ப் பெயர் 'ஹரி ராயா' என்றதும் மாமா பெருமாளை நினைத்துக்கொண்டார். மலாயில் 'ஹரி' நாள், 'ராயா' பெரிய. சொல்லுக்குச் சொல் 'பெருநாள்'. தமிழ் முஸ்லிம்களின் சொல்லும் மலாய்ச் சொல்லும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும் இடம் இது.

சரி, வீடு திறந்திருக்கிறது. உள்ளே வருகிறவர் எதுவரை போகலாம்?

கிள்ளானில் எங்கள் வீட்டில் தீபாவளிக் காலை ஐந்து மணிக்கு எண்ணெய்க் குளியல், அப்புறம் தாத்தா பாட்டிக்குப் படையல். அந்த நேரத்தில் வாசல் கேட் பூட்டியே இருக்கும். பத்து மணிக்கு மேல்தான் அம்மா கேட்டைத் திறப்பார். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தையை அப்படித்தான் கூப்பிடுவோம்) வருவதற்கென்றே ஒரு சட்டி தனியாக உண்டு. ஹலால் கடையில் வாங்கிய கோழி மட்டும்தான் அதில் வேகும். மாட்டிறைச்சியை நாங்கள் தொடுவதில்லை, பன்றி இறைச்சியை அவர்கள் தொடமாட்டார்கள். ஆக, எல்லா வீட்டு மேசைக்கும் பொது என்று கடைசியில் மிஞ்சுவது கோழிதான். மலேசியாவின் உண்மையான தேசியப் பறவை எது என்று என்னைக் கேட்டால் கோழி என்றுதான் சொல்வேன். கிளம்பும்போது மக்சிக்கின் பேரப்பிள்ளைகளுக்கு ஊதா உறையில் பணம் கொடுப்போம். அந்த உறையும் இரவல்தான். சீனர்களின் சிவப்புப் பண உறையான அங்பாவைப் பார்த்து மலாய்க்காரர்கள் பச்சை உறை போட்டார்கள், நாம் ஊதாவைப் பிடித்துக்கொண்டோம். பதிலுக்கு நம் முறுக்கு இப்போது நோன்புப் பெருநாள் மேசையில், மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

பிறர் பண்டிகையை யார் கொண்டாடலாம் என்ற கேள்விக்கு இந்தச் சொல் ஒரு பதிலை வைத்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. திறந்திருப்பது வீடு, பண்டிகை அல்ல. மக்சிக் எங்களோடு தீபாவளி கொண்டாடவில்லை, தீபாவளி கொண்டாடும் எங்களைப் பார்க்க வருகிறார். படையல் எங்களுடையது, பிரியாணி எல்லாருடையது. எதைத் திறப்பது, எத்தனை மணிக்குத் திறப்பது என்பதெல்லாம் வீட்டுக்காரர் கையில்.

வீட்டுக்கும் பண்டிகைக்கும் நடுவில் உள்ள இந்த எல்லைக்கோட்டை அழிக்கப் பார்த்த சொற்களும் உண்டு. இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்துகொண்டே வரும். 1996 முதல் 1998 வரை அது சீனப் புத்தாண்டோடு ஒட்டி வந்தபோது 'கொங்சி ராயா' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. கெட்டிக்காரச் சிலேடை அது. சீனப் புத்தாண்டு வாழ்த்தின் 'கொங்ஸி'யும் அதில் இருக்கிறது, பகிர்ந்துகொள்வதைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'கொங்சி'யும் இருக்கிறது. அந்த மலாய்ச் சொல்லே ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்ததுதான். பிறகு 2004 முதல் 2006 வரை தீபாவளியும் பெருநாளும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வந்தன. 'தீபாராயா' பிறந்தது. பேரங்காடிகளுக்குக் கொண்டாட்டம், ஒரே அலங்காரத்தில் இரண்டு பண்டிகையை முடித்துவிடலாம். 2006-இல் உலமாக்கள் எனப்படும் இஸ்லாமிய மார்க்க அறிஞர்களின் கூட்டம் ஒன்று இந்தக் கலப்புக் கொண்டாட்டங்களை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. பெரிய வாக்குவாதம் நடந்தது. அந்தக் கூட்டத்தின் அச்சம் எனக்கில்லை. ஆனால் 'தீபாராயா' என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வீட்டுச் சுவரை இடித்து ஒரே கூடமாக்கிய பிறகு யார் யாரை அழைப்பது? சுமார் 33 ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சுற்று திரும்பும். கணக்குப்படி 2029-இல் சீனப் புத்தாண்டும் பெருநாளும் மறுபடி ஒட்டி வரும். அப்போது என்ன சொல் முளைக்கிறதென்று பார்க்கலாம்.

தைப்பூசத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தைப்பூசத்துக்குத் திறந்த இல்லம் நடத்தியவரை நான் பார்த்ததில்லை. ஆனால் பத்துமலையின் 272 படிகளிலும் பால்குடத்தோடு சீனர்கள் ஏறுகிறார்கள், காவடி எடுக்கிறார்கள். பினாங்கில் தேர் வரும் தெருவில் தேங்காயை மலைமலையாகக் குவித்து உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். அவர்களை யாரும் விருந்தினர் என்று சொல்வதில்லை. நேர்த்திக்கடன் என்று வந்துவிட்டால் அவர் பக்தர், பேச்சு முடிந்தது.

இனி, 'ரூமா தெர்புகா'வுக்கு நல்ல தமிழ் எது? 'உபசரிப்பு' வடசொல். அதற்காக அதை விரட்ட வேண்டியதில்லை, ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் கைவசம் இருக்கிறது: விருந்து. தொல்காப்பியத்தில் அதற்குப் புதுமை என்று பொருள். பிறகு புதிதாக வந்தவரைக் குறித்தது. 'விருந்து புறத்ததாத் தானுண்டல்' என்ற குறளில் வெளியே நிற்கும் விருந்து, மனிதர்தான். அவருக்கு இட்ட சோற்றுக்குப் பெயரானது அப்புறம்தான். அத்தையும் சித்தப்பாவும் வந்து சாப்பிடுவது பழைய பொருளில் விருந்தே இல்லை. முன்பின் தெரியாதவர் வந்தால்தான் விருந்து.

'திறந்த இல்லம்' என்ற பாதிக்கும் பழைய தமிழில் இணை உண்டு. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் அரண்மனைக்கு 'அடையா வாயில்'. பொருநர், புலவர், அந்தணர் என யார் வந்தாலும் மூடாத வாசல். கம்பீரமான தொடர், ஆனால் அது அரசன் வீடு. தாமானில் உள்ள ஒற்றை மாடி வரிசை வீட்டுக்கு அது ஒத்துவராது, எங்கள் கேட்டை இரவு பூட்டியாக வேண்டும். எனக்குப் பிடித்தது குறுந்தொகை 118-இல் நன்னாகையார் சொல்லும் 'பலர்புகு வாயில்'. பலர் நுழையும் வாசல், மாலையானால் அடைக்கும் வாசல். 'பலர்புகு விருந்து' என்று வைக்கலாமே என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நாளைக்குப் பேப்பர்ல போட்டா ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். அதுவும் சரிதான். 'திறந்த இல்ல விருந்து' என்று நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் குறுந்தொகைப் பாட்டு சோகமானது. வாசலை அடைக்கும் முன் காவலர்கள் 'வருவீர் உளீரோ' என்று கேட்கிறார்கள், உள்ளே வரவேண்டியவர் இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று. தலைவிக்கு வேண்டியவர் அப்போதும் வரவில்லை. எங்கள் வீட்டில் தீபாவளி இரவு பத்தரைக்கு அம்மா பூட்டும் சாவியுமாக வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார். "இன்னும் யாராச்சும் வராங்களா? கேட்டைப் பூட்டிடவா?"