வெளிநாட்டுல படுத்த படுக்கையா இருக்கறவரை ஊருக்குக் கொண்டு வரணும்னா: தூதரக நிதி, இன்சூரன்ஸ், ஸ்ட்ரெச்சர் டிக்கெட் பத்தி

எங்க சித்தப்பாவுக்கு சவுதில தம்மாம்ல ஸ்ட்ரோக் வந்து வலது கை, கால் விழுந்து பேச்சும் போயிருச்சு. ரூம்ல கூட இருந்தவரு போன் பண்ணி சொன்ன அன்னைல இருந்து அவரு சென்னை ஏர்போர்ட்ல வந்து இறங்குற வரைக்கும் நாங்க அலைஞ்சதுல பாதி அலைச்சல் தேவையே இல்லாதது. யார்கிட்ட எதைக் கேக்கணும்னு தெரியாம அலைஞ்சதுதான். இப்ப சொந்தத்துல யாருக்காவது இப்படின்னா எனக்குதான் போன் வருது, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு பாக்கறேன். சவுதியை வச்சுதான் சொல்றேன், மத்த வளைகுடா நாட்டுலயும் போற பாதை கிட்டத்தட்ட இதுதான்.

முதல் ஒரு வாரம் எங்க வீட்டுல எல்லாரும் டிக்கெட் டிக்கெட்னே பேசிட்டு இருந்தோம், எவ்வளவு ஆகும், யாரு குடுப்பா, சித்தி வளையலை வைக்கலாமான்னு. டிக்கெட் எல்லாத்துக்கும் கடைசி. அதுக்கு முன்னாடி மூணு பேப்பர் கைல இருக்கணும். பயணம் பண்ணலாம்னு டாக்டர் குடுக்கற சர்டிஃபிகேட், இங்க சேத்துக்கறோம்னு ஒரு ஆஸ்பத்திரி குடுக்கற லெட்டர், அந்த நாட்டை விட்டு வெளிய வர்றதுக்கான எக்ஸிட் அனுமதி. இது மூணும் இல்லாம தூதரகத்துல போய் நின்னா அவங்களும் டிக்கெட் எடுக்க முடியாது, காசு வச்சிருந்தா நீங்களும் எடுக்க முடியாது. மூணையும் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு பாக்காம ஒரே நாள்ல ஆரம்பிச்சிடுங்க.

காசு எங்க இருந்து வரும்னு முதல்ல பாத்துடுவோம், ஏன்னா நிறைய பேர் நேரா வாட்ஸ்அப்ல அக்கவுண்ட் நம்பர் போட்டு உதவி கேக்க ஆரம்பிச்சிடறாங்க. சவுதில பிரைவேட் கம்பெனில வேலை செய்றவங்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் முதலாளிதான் எடுத்துக் குடுக்கணும், அது அங்க சட்டம். துபாய்ல ரொம்ப வருஷமா இருந்துச்சு, 2025 ஜனவரி 1ல இருந்து அமீரகம் முழுக்க வந்துருச்சு. இக்காமா, அதான் அங்க தங்கி வேலை செய்யக் குடுக்கற அடையாள அட்டை, உயிரோட இருந்தா இன்சூரன்ஸும் பெரும்பாலும் இருக்கும், அப்ப ஆஸ்பத்திரி பில் பிரச்சனை பாதி குறையும். சிக் லீவ்லயும் சவுதி சட்டப்படி முதல் 30 நாள் முழு சம்பளம், அடுத்த 60 நாள் முக்கால் சம்பளம், அதுக்கப்புறம் 30 நாள் சம்பளம் இல்லாம லீவு. இதைக் கம்பெனி தானா சொல்லாது, கேக்கணும். வேலை முடிஞ்சு ஊருக்கு அனுப்பற டிக்கெட்டும் கம்பெனி பொறுப்புதான், ஆனா அவங்க கணக்குல அது சாதாரண எகானமி சீட் ஒண்ணு. ஸ்ட்ரெச்சர் செலவுன்னு வந்தா கையை விரிச்சிடுவாங்க. வீட்டு டிரைவர், வீட்டு வேலைன்னு போனவங்க சவுதி தொழிலாளர் சட்டத்துக்குள்ளயே வர மாட்டாங்க, அவங்களுக்குத் தனி விதி, எல்லாம் கபீலை, அதாவது விசா குடுத்த முதலாளியைப் பிடிச்சுதான் ஆகணும்.

அடுத்தது பிரவாசி பாரதிய பீமா யோஜனா, வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்கான நம்ம அரசு இன்சூரன்ஸ். பத்தாவது முடிக்காம இசிஆர் பாஸ்போர்ட்ல (வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டிய பாஸ்போர்ட்) போனவங்களுக்கு, வளைகுடா, மலேசியா எல்லாம் சேத்து 18 நாட்டுக்கு வேலைக்குப் போகும்போது இது கட்டாயம், இல்லாம எமிக்ரேஷன் கிளியரன்ஸே குடுக்க மாட்டாங்க. பிரீமியம் 2 வருஷத்துக்கு 275 ரூபா, 3 வருஷத்துக்கு 375 ரூபா, வரி தனி. விபத்துல இறந்தாலோ நிரந்தரமா ஊனமானாலோ 10 லட்சம், மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரைக்கும். நமக்கு முக்கியமான விஷயம் இன்னொண்ணு இருக்கு: உடம்பு முடியாம வேலைக்குத் தகுதி இல்லைன்னு ஆகி, இன்சூரன்ஸ் எடுத்து முதல் 12 மாசத்துக்குள்ள முதலாளி அனுப்பிட்டா ஊருக்கு வர எகானமி டிக்கெட் காசும் இதுல உண்டு. ஆனா இப்படி ஒரு பாலிசி இருக்கறதே போனவருக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. அனுப்பின ஏஜெண்ட் குடுத்த கவரை பீரோல இருந்து எடுத்துப் பாருங்க. எங்க சித்தப்பாவோடது காலாவதி ஆகி நாலு வருஷம் ஆயிருந்துச்சு.

இது எதுவும் கை குடுக்கலன்னா இருக்கறது தூதரகத்துல இருக்கற இந்திய சமூக நல நிதி. ஆங்கிலச் சுருக்கத்துல ஐசிடபிள்யூஎஃப்னு கேட்டா உடனே புரியும். 2009ல ஆரம்பிச்சது, 2017 செப்டம்பர்ல விதிகளைத் தளர்த்தினாங்க. இந்தக் காசு நம்ம ஆளுங்களோடதுதான், அங்க பாஸ்போர்ட் புதுப்பிக்க, பேப்பர்ல அட்டஸ்டேஷன் வாங்கன்னு தூதரகத்துக்குப் போறப்ப கூட ஒரு சின்னத் தொகை வாங்குவாங்க இல்ல, அது சேருற நிதி. அவசர சிகிச்சை, கைல காசில்லாம மாட்டிக்கிட்டவங்களுக்கு விமான டிக்கெட், தங்குற இடம், இறந்தவங்க உடலைக் கொண்டு வர்றது எல்லாம் இதுக்குள்ள வரும். ஆனா வசதி இல்லாதவங்களுக்குத்தான், அதை அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க. உரிமைன்னு சட்டையப் பிடிச்சு கேக்கற விஷயம் இல்ல இது. அதனால எழுதற லெட்டர்ல கதை வேண்டாம், பாஸ்போர்ட் நம்பர், இக்காமா நம்பர், எந்த ஆஸ்பத்திரி எந்த வார்டு, கம்பெனி என்ன சொல்லிடுச்சு, வீட்டுல சம்பாதிக்கறவங்க யாரு, எவ்வளவுன்னு ஒரு பக்கத்துல எழுதுங்க. மெடிக்கல் ரிப்போர்ட்டை சேத்து அனுப்புங்க. தம்மாம், ரியாத் பக்கம்னா ரியாத் தூதரகம். மக்கா, மதீனா, அபஹா பக்கம்னா ஜித்தா கான்சுலேட். நாங்க தெரியாம ஜித்தாவுக்கு மெயில் போட்டு அஞ்சு நாள் போச்சு.

கூடவே வெளியுறவுத் துறையோட மதத் போர்ட்டல்ல வீட்டுல இருந்தே புகார் பதிஞ்சிடுங்க. 2015ல இருந்து இருக்கு. பதிஞ்சா ஒரு நம்பர் வரும், அதுக்கப்புறம் யார்கிட்ட பேசினாலும் அந்த நம்பரைச் சொல்லித்தான் பேசணும், வெறும் பேரைச் சொன்னா யாருக்கும் ஞாபகம் இருக்காது. நம்ம மாநிலத்துல சென்னை சேப்பாக்கம் எழிலகத்துல அயலகத் தமிழர் நலன், மறுவாழ்வு ஆணையரகம் இருக்கு, அங்கயும் ஒரு மனு. சென்னை போக முடியாதவங்க திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுங்க, அங்க இருந்து போகும். சித்தி அதைத்தான் பண்ணாங்க, மனு குடுத்த ரசீதைப் பத்திரமா வச்சுக்கிட்டாங்க, அது பின்னாடி வேற ஒரு இடத்துல உதவுச்சு, சொல்றேன்.

இப்ப டாக்டர் சர்டிஃபிகேட். இதுலதான் மொத்த செலவும் தீர்மானம் ஆகுது, யாரும் இதை முன்னாடி சொல்றது இல்ல. ஏர்லைன்ஸ்ல மெடிஃப்னு ஒரு ஃபாரம் குடுப்பாங்க, சிகிச்சை பாக்கற டாக்டர் நிரப்பி கையெழுத்து போடணும், ஏர்லைன்ஸோட டாக்டர் அதைப் பாத்து சரின்னா தான் டிக்கெட். அதுல ஒரு கேள்வி, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சீட்டை நிமித்தி வச்சா நோயாளி உக்காருவாரா? உக்காருவார்னு எழுதினா வீல்சேர், ஒரு சீட்டு, கூட வர்றவருக்கு ஒரு சீட்டு. உக்கார மாட்டார்னா ஸ்ட்ரெச்சர், அதுக்கு ஆறு ஏழு சீட்டை மடக்கி அது மேல கட்டுவாங்க, அத்தனை சீட்டுக்கும் காசு, கூட நர்ஸோ டாக்டரோ கண்டிப்பா வரணும். பிசினஸ் கிளாஸ்ல படுத்துட்டு வரலாமேன்னு எங்க மாமா கேட்டாரு, அங்கயும் ஏறி இறங்கும்போது நிமிந்துதான் உக்காரணும்.

சித்தப்பா வார்டுல ஒரு மலையாளி நர்ஸ் இருந்தாங்க, எங்களுக்கு வீடியோ கால் போட்டுக் குடுக்கறது அவங்கதான். நான் அவசரப்பட்டு ஸ்ட்ரெச்சர் விலை விசாரிச்சிட்டு இருந்தப்ப அவங்கதான் சொன்னாங்க, "மோனே, ஒரு பத்து நாள் பொறு, பிசியோ நடக்குது, இவரு உக்காருவாரு." முதல் நாள் தலகாணி முட்டுக் குடுத்து ரெண்டு நிமிஷம், இடது கையால கட்டில் கம்பியைப் பிடிச்சிட்டு, அப்படியே சாய்ஞ்சிட்டாரு. ஒன்பதாவது நாள் அரை மணி நேரம் உக்காந்து போனைப் பாத்து சிரிச்சாரு, ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு. அந்த அரை மணி நேரம் எங்களுக்கு லட்சக்கணக்குல மிச்சம். அதனால நோயாளி தேறி வர்ற நிலைமைன்னா ஸ்ட்ரெச்சருக்கு ஓடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க, எத்தனை நாள்ல உக்காருவாருன்னு. நினைவே இல்லாதவங்களுக்கு இது பொருந்தாது, அவங்களுக்கு ஸ்ட்ரெச்சர்தான். பட்ஜெட் ஏர்லைன்ஸ்ல பெரும்பாலும் ஸ்ட்ரெச்சர் ஏத்த மாட்டாங்க, அதனால திருச்சி, மதுரைக்கு டைரக்ட் ஃபிளைட் இருந்தாலும் சென்னைக்கோ கொச்சிக்கோ வந்து ரோட்ல வர்ற மாதிரிதான் ஆகும், அந்த ஆம்புலன்ஸ் காசையும் கணக்குல வைங்க.

ஆக்சிஜன் விஷயம். விமானம் மேல போனதும் உள்ள காத்தழுத்தம் ஒரு 6,000ல இருந்து 8,000 அடி மலை மேல இருக்கற மாதிரி ஆயிடும், ஊட்டில இருக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க. நமக்குத் தெரியாது, நுரையீரல் பாதிச்சவங்களுக்குத் தெரியும். சொந்த சிலிண்டரை ஏத்த விட மாட்டாங்க, ஏர்லைன்ஸ் குடுக்கணும், இல்ல அவங்க ஒத்துக்கற மெஷினா இருக்கணும், அதையும் மெடிஃப்லயே எழுதிடணும். மண்டை ஓட்டைத் திறந்து ஆபரேஷன் பண்ணவங்களை உடனே ஏத்தவும் மாட்டாங்க, உள்ள காத்து தங்கியிருந்தா மேல போகப் போக அது விரியும், உயிருக்கே ஆபத்து. அதுக்காக டாக்டர் தள்ளிப் போட்டா சண்டை போடாதீங்க.

கூட வர்ற நர்ஸுக்கு ஏஜென்சி கேக்கற காசு தலை சுத்தும். அங்க இருக்கற தமிழ், மலையாள சங்கத்து ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க, லீவுக்கு ஊருக்கு வர்ற நர்ஸ் யாராவது இருப்பாங்க, டிக்கெட் மட்டும் எடுத்துக் குடுத்தா கூட்டிட்டு வர்றவங்க உண்டு. எங்களுக்கு அப்படித்தான் அமைஞ்சது.

எக்ஸிட் பேப்பர் கம்பெனி அடிக்கணும். இக்காமா சரியா இருந்தா கம்ப்யூட்டர்லயே முடிஞ்சிடும், அடிச்சதுல இருந்து 60 நாளைக்குள்ள கிளம்பணும், அதனால டாக்டர் தேதி சொல்றதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு அடிக்க விடாதீங்க. பிரச்சனை எங்கன்னா, இக்காமா முடிஞ்சு போயிருக்கும், இல்ல வேலையை விட்டு ஓடிட்டான்னு கபீல் புகார் குடுத்து ஹுரூப் போட்டிருப்பான். அப்ப தூதரகம் வழியாத்தான் மக்தப் அமல் (தொழிலாளர் ஆபீஸ்), தர்ஹீல் (நாடு கடத்தற ஆபீஸ்)னு போய் எக்ஸிட் வாங்கணும், வாரக்கணக்குல ஆகும், அதான் இதை முதல் நாளே விசாரிக்கணும்னு சொன்னேன். பாஸ்போர்ட் தொலைஞ்சிருந்தா தூதரகம் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் குடுக்கும், ஊருக்கு ஒரு தடவை வர அது போதும்.

இங்க சேத்துக்கற ஆஸ்பத்திரி லெட்டருக்குத்தான் அந்த கலெக்டர் ஆபீஸ் ரசீது உதவுச்சு. பெரியாஸ்பத்திரில போய் வெளிநாட்டுல இருந்து ஒருத்தரைக் கொண்டு வரோம் லெட்டர் குடுங்கன்னா ஓபி சீட்டு போட்டு வாங்கன்னாங்க, ஆளே இல்லாம ஓபி சீட்டு. ரசீதையும் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் ஆர்எம்ஓ (ஆஸ்பத்திரி நிர்வாகம் பாக்கற டாக்டர்) மேஜைல வச்சதும் கதை மாறிடுச்சு. ரிப்போர்ட் அரபில இருந்தா இங்க யாருக்கும் புரியாது, டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்துல வேணும்னு கேட்டு வாங்குங்க, ஸ்கேன் சிடியையும் சேத்து.

பிரைவேட்ல சேக்கறதா இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம், ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். இதுல ஒரு சிக்கல், வெளிநாடு போனவரு பேரை ரேஷன் கார்டுல இருந்து எடுத்திருப்பாங்க இல்ல புது ஸ்மார்ட் கார்டுல சேத்தே இருக்க மாட்டாங்க. கார்டுல பேரு இல்லன்னா காப்பீடும் இல்ல. அவரு வர்றதுக்கு முன்னாடியே அந்த வேலையை முடிச்சிடுங்க.

அப்புறம் ஒண்ணு, சம்பள பாக்கி, வேலை முடியும்போது குடுக்கற சர்வீஸ் பணம். எக்ஸிட்ல வெளிய வந்துட்டா அதை இங்க இருந்து வாங்கறது ரொம்பக் கஷ்டம். கிளம்பறதுக்கு முன்னாடி, நினைவோட இருந்தா, அங்க இருக்கற நம்பிக்கையான ஒருத்தர் பேருல பவர் எழுதி தூதரகத்துல அட்டஸ்ட் பண்ணி வச்சிட்டு வரணும். சித்தப்பாவை ஏர்போர்ட் கூட்டிட்டுப் போற அன்னைக்கு கம்பெனி ஆளு ஒருத்தன் அரபில ஒரு பேப்பரை நீட்டி இடது கைப் பெருவிரலை மையில தொட்டு வாங்கியிருக்கான். என்னன்னு படிச்சா, எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்னு இருக்கு. அந்த மலையாளி நர்ஸ்தான் போட்டோ எடுத்து அனுப்பினாங்க, அதை வச்சுதான் இப்ப தூதரகத்துக்கு எழுதிட்டு இருக்கோம்.