அனுதின தியானம்: இடம் மாறி உட்கார்ந்த இரண்டு சொற்கள்

“டிவோஷன் முடிச்சாச்சா?” என்பார் ஒருவர். “இன்னைக்கு மன்னா வாசிச்சியா?” என்பார் இன்னொருவர். “தியானம் பண்ணிட்டு வர்றேன்”, “ஜெபிச்சிட்டுப் பேசுறேன்” என்பதும் காதில் விழும். எல்லாமே ஒரே அரை மணி நேரத்தைப் பற்றிய பேச்சுதான்: வேதாகமத்தில் ஒரு பகுதியை எடுத்து, வாசித்து, யோசித்து, ஜெபித்துவிட்டு எழுவது. ஒரு காரியத்துக்கு இத்தனை பெயர் இருந்தால், ஒவ்வொன்றும் அதன் ஒரு மூலையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அனுதினம் என்பதில் சிக்கல் ஒன்றுமில்லை. வடமொழி, நாள்தோறும், அன்றாடம் என்று சொல்லிவிடலாம். டிவோஷன் இலத்தீனில் நேர்ந்துகொள்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. வேர்ப்படி பார்த்தால் பக்தி என்பதைவிடத் தமிழ் வேதாகமத்தின் ‘பொருத்தனை’ அதற்கு நெருக்கம். மன்னா எபிரேயத்திலிருந்து வந்தது. வனாந்தரத்தில் உணவாகத் தரையில் கிடந்த வெள்ளைப் பொருளைக் கண்ட இஸ்ரவேலர் ‘மான் ஹூ’, அதாவது ‘இது என்ன’ என்று கேட்டார்கள் என்கிறது யாத்திராகமம் 16. அந்தக் கேள்வியே பெயராகிவிட்டது. மறுநாளுக்கென்று எடுத்து வைத்தது புழுத்துப்போன கதையும் அதே அதிகாரத்தில்தான். தினசரி வாசிப்புக்கு ‘மன்னா’ என்று பெயர் வைத்தவர்கள் இதை நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

தேதிக்கு ஒரு வசனம் என்ற வழக்கத்தில் மிகப் பழையனவற்றுள் ஒன்று ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரிலிருந்த மொராவியர் என்ற கிறிஸ்தவ சபையாருடையது. 1728 மே 3 அன்று அவர்கள் தலைவர் சின்சென்டார்ஃப் சபையாருக்கு மறுநாளுக்கான ஒரு வசனத்தைக் கொடுத்தார். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகிறது. பெயர் ‘லோசுங்’. காவற்காரர் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளச் சொல்லும் குறிப்புச்சொல் என்று பொருள். ஒரு வரியை நாள் முழுக்க வாயில் வைத்திருப்பது என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ‘வாயில்’ என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இனி தியானம். வடமொழி ‘த்யானம்’, நினைத்தல், மனத்தை ஒன்றில் நிறுத்துதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வருவது. அதுவே பாலியில் ‘ஜான’, சீனத்தில் ‘சான்’, ஜப்பானில் ‘ஜென்’ ஆனது. எங்கே போனாலும் வாய் மூடி உள்ளே பார்க்கும் சொல். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை எடுத்து எங்கே வைத்தார்கள்? சங்கீதம் 1:2-இல்: “இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்.” அங்கே எபிரேயத்தில் இருப்பது ‘ஹாகா’ என்ற வினை. அது ஓசையுள்ள சொல். இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கு ஏசாயா 31:4-இல் வருவது அதே வினை. 38:14-இல் “புறாவைப்போல் புலம்பினேன்” என்பதிலும் அதுதான். யோசுவா 1:8-ஐ இப்போது மறுபடி பார்த்தால், புத்தகம் “உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக” என்று சொல்லிவிட்டு ஏன் “தியானித்துக்கொண்டிருப்பாயாக” என்று தொடர்கிறது என்பது புரியும். அந்தத் தியானம் வாயில் நடப்பது. இரண்டாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் ஜனங்கள் விருதாக் காரியத்தைச் ‘சிந்திக்கிறார்கள்’; அதுவும் ஹாகாவே! முதல் சங்கீதத்தில் பாக்கியவான் முணுமுணுக்கிறான், அடுத்ததில் கலகக்காரர் முணுமுணுக்கிறார்கள். தமிழில் இந்த எதிரொலி காதில் விழாமலே போய்விட்டது.

அந்தக் காலத்தில் வாசிப்பது பெரும்பாலும் வாய்விட்டு வாசிப்பதுதான். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைப் படித்துக்கொண்டிருந்ததைப் பிலிப்பு ஓடிப்போய்க் காதால் கேட்டான் என்று அப்போஸ்தலர் 8:30 சொல்கிறது. பிற்கால மடங்களிலும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ, வாசிப்பு, தியானம், ஜெபம், உள்ளமர்ந்து காணுதல் என நான்கு படிகளை வகுத்தபோது, வாசிப்பை உணவை வாயில் இடுவதற்கும் தியானத்தை அதை மெல்லுவதற்கும் ஒப்பிட்டார். தமிழில் நாம் ‘அசைபோடுதல்’ என்று சாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

அடுத்தது ஜெபம்; கத்தோலிக்க வழக்கில் செபம். வடமொழி ‘ஜப’. மெல்லிய குரலில் சொல்வது, முணுமுணுப்பது என்பதே வேர்ப்பொருள். ஆக, ஹாகாவுக்கு உண்மையில் பக்கத்து வீடு ஜெபம். மௌனத்துக்குப் பக்கத்து வீடு தியானம். நம் வழக்கில் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. முணுமுணுக்க வேண்டிய வசனத்தை மௌனமாகப் பார்க்கிறோம், மௌனம் வேண்டிய வேளையில் பேசிக்கொண்டே இருக்கிறோம். “வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்” என்று மத்தேயு 6:7-இல் ஒரு கட்டளை இருப்பது தெரிந்தும்தான். நானும் விலக்கில்லை. தியானப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் வசனத்தைத் தாண்டி, கீழே இருக்கும் கதைக்குப் போய், கடைசி இரண்டு வரி ஜெபத்தைக் கண்ணால் மேய்ந்து மூடியிருக்கிறேன். வசனம் வாய்க்கு வந்ததே இல்லை.

1995இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு சங்கீதம் 1-இல் தியானத்தை விட்டு ‘சிந்திப்பவர்’ என்று போட்டது. ஒரு வடசொல் போய் இன்னொரு வடசொல். ஓசை திரும்பி வரவில்லை. தனித்தமிழில் தியானத்துக்கு ஊழ்கம் என்பார்கள். அழகான சொல், ஆனால் அதுவும் மௌனத்துக்கே பொருந்தும். ‘உள்ளுதல்’ இருக்கிறது, “உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்” என்ற குறளின் சொல். அதுவும் நெஞ்சோடு நின்றுவிடும். என்னைக் கேட்டால், சங்கீதம் 1-இன் ஹாகாவுக்குத் தமிழ் ‘ஓதுதல்’. வாய், திரும்பச் சொல்லல், மனத்தில் பதித்தல் மூன்றும் அதில் உண்டு.

ஆங்கில வழியாக வந்த புதுச் சேர்க்கை ‘கேட்கும் ஜெபம்’. வாசித்து ஜெபித்தபின், நம் பேச்சை நிறுத்திக் கர்த்தர் உணர்த்துவதற்குக் காது கொடுப்பது என்ற பொருளில் சொல்கிறார்கள். ஆனால் தமிழில் ‘கேள்’ லேசான ஆள் இல்லை. “கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்” என்பதில் அது விண்ணப்பம். “ஜெபத்தைக் கேட்கிறவரே” என்று சங்கீதம் 65:2 சொல்லும்போது கேட்பவர் கடவுள். “சொன்னா கேளு” என்று பிள்ளையை அதட்டும்போது அது கீழ்ப்படிதல். ‘கேட்கும் ஜெபம்’ என்று முதல்முறை பார்ப்பவர் எதையோ தரும்படி கேட்கும் ஜெபம் என்றே எடுத்துக்கொள்வார், அவர்மேல் தப்பில்லை. இறைவேண்டல் என்ற நல்ல தமிழிலோ ‘வேண்டு’ இருப்பதால் காதுக்கு இன்னும் இடம் குறைவு.

ஆனாலும் ‘கேள்’ என்ற சொல்லை விட்டுக்கொடுக்க மனமில்லை. கேட்பதும் கீழ்ப்படிவதும் எபிரேயத்தின் ‘ஷமா’விலும் ஒரே சொல்தான். வள்ளுவர் ‘கேள்வி’ என்று அதிகாரம் வைத்தது கேட்டறிவதற்காக; “செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம்” அதன் முதல் அடி. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தம் மடத்தாருக்கு எழுதிய ஒழுங்கின் முதல் சொல்லும் ‘கேள்’தான்.

குழப்பம் தீர, நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் ஒரு சொல் போதும்: காத்திருத்தல். “கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள்” என்று ஏசாயா 40:31. சபைகளில் ‘காத்திருப்பு ஜெபம்’ என்று பேச்சிலும் உண்டு. இன்று இதைப் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோலப் புரிந்துகொள்கிறோம். பிரித்துப் பாருங்கள்: காத்து, இரு. காவலில் இருப்பது. ஆபகூக் தீர்க்கதரிசி தன் காவலிலே தரித்து நின்று, கர்த்தர் என்ன சொல்லுவார் என்று கவனித்துப் பார்த்தது அப்படித்தான். இதோடு சேர்ந்த இன்னொரு சொல் ‘அமர்ந்திருத்தல்’. “அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற சங்கீதம் 46:10-ஐ வாசித்து, நாற்காலியில் உட்காரச் சொல்வதாக நினைப்பவர் பலர். விளக்கை அமர்த்து என்கிறோமே, அந்த அமர்தல் அது, அடங்குதல். எலியா தீர்க்கதரிசி கேட்ட “அமர்ந்த மெல்லிய சத்தம்” உட்கார்ந்திருந்த சத்தம் இல்லையே.

சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்ட கதையில் ஒரு சின்ன விஷயம். பதிலாகச் சொல்லும்படி ஆசாரியன் ஏலி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது, “கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்.” அடுத்த வசனத்தில் பையன் சொன்னது “சொல்லும்; அடியேன் கேட்கிறேன்” மட்டும். ‘கர்த்தாவே’ விழுந்துவிட்டது. எபிரேயத்திலும் அப்படியே இருப்பதால் மொழிபெயர்ப்பின் பிழை அல்ல. பயத்திலா, அந்தக் குரல் இன்னும் அவனுக்குப் பழகாததாலா என்று உரைகாரர்கள் பேசுவார்கள். ‘கேட்கிறேன்’ மட்டும் விழவில்லை.